சிங்காரத்தின் வாலும் மீனாளின் சிறகும்

ஒரு காட்டின் நடுவே மருதங்குளம். அதன் கரையில் பெரிய மருதமரம் ஒன்று இருந்தது. அதன் பட்டை இடுக்கில் சிங்காரம் என்ற பல்லி குடியிருந்தான். தண்ணீரின் மேல் நீண்டிருந்த கிளையில் மீனாள் என்ற மீன்கொத்தி உட்காருவாள்.

இருவரும் நல்ல சிநேகிதர்கள். மீனாள் தண்ணீரில் பாய்ந்து மீன் பிடிப்பாள். கிளையில் அடித்துத் தின்பாள். அவள் விட்ட செதிலுக்கும் எலும்புக்கும் ஈக்கள் மொய்க்கும். அந்த ஈக்கள்தான் சிங்காரத்துக்குச் சாப்பாடு. மீன்கொத்திகளில் சில பேர் பல்லியையும் விட்டுவைக்க மாட்டார்கள். மீனாளுக்குப் பல்லி பிடிக்காது என்று சிங்காரம் நம்பினான். நல்லவேளையாக அது உண்மையாகவும் இருந்தது.

சிங்காரத்துக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். முதல் பெருமை அவன் வால். மெலிந்து, நீண்டு, நுனியில் ஒரு சுழி சுழித்து நிற்கும். காலையில் வெயில் வந்ததும் அதை எடுத்து வெளியே போட்டுக்கொண்டு யார் பார்க்கிறார்கள் என்று பார்ப்பான். இன்னொரு பெருமை அவன் வாக்கு. அந்தக் காட்டில் பல்லி சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை. யாராவது ஏதாவது பேசும்போது அவன் "த்ச்" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். "பல்லி சொல்லிட்டான், அப்புறம் என்ன!" என்று காரியத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

அந்தக் காட்டுக்கு ஒரு தீராத தொல்லையும் இருந்தது. மார்கழிப் பனி இறங்கினால் இழுப்புக் காய்ச்சல் வரும். கண் சிவக்கும், நெஞ்சு அடைக்கும், மூச்சு விசில் அடிக்கும். முந்தின வருஷம் மட்டும் பதினோரு பேர் அதில் போய்விட்டார்கள்.

சிற்றுயிர்களுக்கு அங்கே ஒரு ஆஸ்பத்திரி உண்டு. விழுந்து கிடந்த ஒரு மரம், அதில் ஏழு பொந்து. அந்த ஏழும் ஏழு படுக்கை. டாக்டர் மாசிலாமணி என்ற தேவாங்கும், சம்பூரணம் என்ற முள்ளம்பன்றி நர்சம்மாவும்தான் மொத்த ஆஸ்பத்திரியும். டாக்டர் எதையும் மெதுவாகத்தான் செய்வார். தேவாங்கு அல்லவா! ஆனால் அந்தக் கை தொட்ட எலும்பு கோணியதே இல்லை.

ஐப்பசி மாதம் டாக்டர் ஒரு புது மருந்தோடு வந்தார்.

"போன வருஷக் காய்ச்சலையே பிடிச்சு, பல்லைப் பிடுங்கி, சாதுவாக்கி இந்தச் சொட்டுல வச்சிருக்கேன். நர்சம்மா முள்ளுல தொட்டு ஒரு குத்து குத்துவாங்க. உங்க உடம்பு அதோட ஒரு நாள் மல்லுக்கட்டிப் பழகிக்கும். அப்புறம் நிஜக் காய்ச்சல் வந்தா, 'அடே, நீதானா!'ன்னு அடிச்சு விரட்டிடும்!"

"வலிக்குமா டாக்டரய்யா?" என்று கேட்டாள் கோமளம். அவள் ஓர் அணில். நாலு குட்டிகளுக்குத் தாய்.

"கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். எல்லாரும் குத்திக்கிட்டா இந்த மார்கழிக்கு ரெண்டு படுக்கைக்கு மேல தேவைப்படாது. மிச்ச அஞ்சும் மத்த நோயாளிக்குக் கிடைக்கும்."

கோமளம் தயங்கினாள். மரத்தின் மேலிருந்து சிங்காரம் சிரித்தான்.

"ஒரு முள்ளுக்கா இந்தப் பயம்? என்னைப் பாரு! முள்தான் என்னைக் கண்டா பயப்படணும்!"

எல்லோரும் "அடேயப்பா!" என்றார்கள். சிங்காரம் வால் நுனியை இன்னொரு சுழி சுழித்தான்.

மறுநாள் காலை தாழம்புதரில் முகாம். புதருக்குள் ஒவ்வொருவராகப் போக வேண்டும். குத்திக்கொண்டு மறுபக்கமாக வெளியேறி, நிழலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். குளத்தில் நீந்தும் நாமக்கோழிகள், ஆமைகள், முயல்கள் என்று நாற்பது பேர் குத்திக்கொண்டு போனார்கள். மீனாளும் போனாள். "இவ்வளவுதானா!" என்று அவள் சொன்னது வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்டது.

அடுத்தது சிங்காரம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனான்.

"வா தம்பி, உட்காரு. ஒருத்தருக்கு ஒரு முள்ளு. உனக்குப் புதுசா ஒண்ணு எடுக்கிறேன்" என்றாள் நர்சம்மா. முள் கழன்று வருவதற்காக உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

சலசலசலவென்று அத்தனை முள்ளும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன.

அவ்வளவுதான். சிங்காரத்துக்குக் கண் இருட்டியது, கால் நாலும் வெடவெடத்தன. பல்லிக்குப் பயம் வந்தால் என்ன ஆகுமோ அது ஆகிவிட்டது. வால் கழன்று விழுந்தது! விழுந்ததோடு விட்டதா? துள்ளித் துள்ளிப் புதரை விட்டு வெளியே போய், வரிசையில் முதலில் நின்ற கோமளத்தின் காலடியில் நெளிந்து ஆடியது.

"ஐயையோ! வால்! பல்லியோட வால்!" என்று அலறினாள் கோமளம்.

சிங்காரம் அதன் பின்னாலேயே ஓடிவந்தான். நர்சம்மாவும் கையில் முள்ளோடு வந்தாள்.

"முள்ளைக் குத்துனதும் வால் விழுந்துடுச்சு!" என்று வரிசை முழுவதும் கத்தியது.

"நான் இன்னும் குத்தவே இல்லம்மா! முள்ளைத்தான் எடுத்தேன்!" என்றாள் நர்சம்மா.

"குத்துறவங்க அப்படித்தான் சொல்வீங்க! பல்லியைக் கேப்போம். பல்லி சொல்லட்டும்!"

அத்தனை கண்ணும் சிங்காரத்தின் மேல் திரும்பின. நர்சம்மாவும் அவனைத்தான் பார்த்தாள். "சொல்லு தம்பி, நடந்ததைச் சொல்லு" என்றாள்.

சிங்காரம் வாயைத் திறந்தான். 'சத்தத்துக்குப் பயந்து நானே விட்டுவிட்டேன்' என்று சொல்ல வேண்டும். நேற்று மரத்தின் மேலிருந்து பேசிய பேச்சு அவன் தொண்டையில் வந்து நின்றது. கோமளம் சிரிப்பாள். அவள் குட்டிகள் சிரிக்கும். காடே சிரிக்கும்.

"ஆமா. குத்துன உடனே அப்படியே கழண்டு விழுந்துடுச்சு" என்றான் சிங்காரம். பழக்க தோஷத்தில் கூடவே ஒரு "த்ச்" வேறு வந்தது.

பல்லி சொல்லிவிட்டான்! வரிசை கலைந்தது. அணில், எலி, மூஞ்சூறு, வாலாட்டிக் குருவி என்று வால் உள்ளவர்கள் எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள். இரட்டைவால் குருவிக்கு இரண்டு மடங்கு பயம். வாலே இல்லாத தவளை நின்று ஒரு கணம் யோசித்தது.

"எனக்கும் சின்ன வயசுல வால் இருந்துச்சு. அது எப்படிப் போச்சுன்னு இப்பத்தான் புரியுது!" என்று சொல்லிவிட்டு அதுவும் தண்ணீரில் குதித்தது.

அன்று சாயங்காலம் மீனாள் சிங்காரத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பாவம்டா நீ. எவ்வளவு ஆசையா வளர்த்த வாலு! ஆனா எனக்கும்தான் குத்துனாங்க. என் வாலு அப்படியே இருக்கே?"

"உன் வாலு குட்டை. அதனால தப்பிச்சிருக்கும்" என்றான் சிங்காரம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"இருக்கலாம்" என்று அவளும் நம்பினாள். "கவலைப்படாதே. இன்னைக்கு ரெண்டு மீன் அதிகமாப் பிடிச்சிருக்கேன். ஈ நிறைய வரும், நல்லாச் சாப்பிடு."

ஈ நிறையத்தான் வந்தது. சிங்காரத்துக்கு ஒன்றுகூட இறங்கவில்லை.

இதற்குள் வேலாயுதம் என்ற கீரி களத்தில் இறங்கினார். கீரிக்குப் பச்சிலை தெரியும் என்று ஊரே நம்பும். வேலாயுதமும் அதை நம்பினார். கெட்டவர் இல்லை. நாலு பேர் தன்னைத் தேடி வர வேண்டும் என்ற ஆசை மட்டும் உண்டு.

"காய்ச்சலுக்கும் பயம், வாலுக்கும் பயம், அதானே? கவலையை விடுங்க! பிரண்டைக் கொடி எலும்பையே ஒட்டும். எலும்பை ஒட்டுறது வாலை ஒட்டாதா? வாலை ஒட்டுறது காய்ச்சலை விரட்டாதா?"

எப்படி விரட்டும் என்று யாரும் கேட்கவில்லை. பாறையோரம் படர்ந்திருந்த பிரண்டையை வெட்டி வெட்டி ஒவ்வொரு வாலிலும் கயிறாகக் கட்டினார். காய்ந்தால் புதுசு. புதுசு காய்ந்தால் இன்னொன்று. கார்த்திகை பிறப்பதற்குள் பாறை முக்கால்வாசி மொட்டையாகிவிட்டது.

நர்சம்மா பதறிப்போய் வந்தாள். "வேலாயுதண்ணே, யாருக்காவது எலும்பு முறிஞ்சா கட்டுறதுக்கு ஆஸ்பத்திரியில வேற கொடி இல்ல. கொஞ்சமாவது விட்டு வைங்க!"

"எலும்பு முறியும்போது பாத்துக்கலாம் நர்சம்மா! இப்ப வால்தான் முக்கியம்!"

நர்சம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு கதவும் திறக்கவில்லை. திறந்துவிட்ட மருந்து பத்து நாள்தான் தாங்கும். ஒன்பதாம் நாள் அவள் மருதமரத்தடியில் வந்து நின்றாள்.

"தம்பி! நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். யாரும் சிரிக்காம நான் பாத்துக்கிறேன்."

சிங்காரம் பட்டைக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்தான். மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காமல் இருந்தான். நர்சம்மா வெகுநேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். அடுத்த நாள் மிச்ச மருந்தையெல்லாம் மண்ணில் கொட்டினாள். டாக்டர் மூன்று மாதம் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்த மருந்து அது.

மார்கழி பிறந்தது, பனி இறங்கியது. சொல்லி வைத்தது போல இழுப்புக் காய்ச்சலும் வந்தது.

முதல் வாரம் ஐந்து பேர் வந்தார்கள். இரண்டாம் வாரம் பதினெட்டு. ஒரு பொந்துக்கு இரண்டு பேர், பிறகு மூன்று பேர் என்று படுக்கவைத்தார்கள். கோமளத்தின் நாலு குட்டிகளும் ஒரே பொந்தில் கிடந்தன. வாலில் பிரண்டைக் கயிறு அப்படியே இருந்தது.

காய்ச்சல் வந்தவர்களுக்கு நொச்சி இலையைக் கசக்கி மூக்கருகே பிடிக்க வேண்டும். நாழிகைக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு தடவை தவறினாலும் மூச்சு நின்றுவிடும். டாக்டர் ஒரு கோடியிலிருந்து தொடங்குவார், நர்சம்மா மறு கோடியிலிருந்து. இருவரும் நடுவில் சந்திக்கும்போது முதல் நோயாளிக்கு மறுபடி நேரமாகியிருக்கும். முகாமில் குத்திக்கொண்ட முயல்களும் ஆமைகளும் இலை பறித்துக் கொடுத்தார்கள். மற்றவர்கள் உதவிக்கு வந்தாலும் நர்சம்மா விரட்டினாள். "வாசல்லயே நில்லுங்க! உள்ளே வந்தா நீங்களும் படுத்துருவீங்க!" குட்டிகளைப் பெற்ற கோமளமே வாசலில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் மீனாள் கிளைக்கு வந்தபோது ஈக்கள் மொய்த்தபடியே இருந்தன. சிங்காரத்தைக் காணோம்.

"சிங்காரம்! டேய், சாப்பாடு ஆறுது!"

பட்டைக்குள்ளிருந்து விசில் சத்தம்தான் வந்தது. எட்டிப் பார்த்தாள். சிங்காரத்தின் கண் இரண்டும் செம்பருத்தி மாதிரி இருந்தன.

"உனக்குத்தான் குத்திட்டாங்களே! உனக்கு எப்படிடா வந்துச்சு?" என்று கேட்டாள் மீனாள்.

சிங்காரத்தால் பதில் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தாலும் சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம். மீனாள் யோசிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பல்லியைக் கொத்தினாள். பூ மாதிரி, நோகாமல். அவனை அலகில் ஏந்திக்கொண்டு பனிக்குள் பறந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஏழாவது பொந்தில் ஒரு பல்லி படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அதுதான் கடைசி இடம். நர்சம்மா அவனை வாங்கிப் படுக்கவைத்தாள். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. "நல்லா மூச்சை இழு தம்பி, இழு" என்று நொச்சி இலையைப் பிடித்தாள்.

"சரியானதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு மீனாள் கிளம்பினாள்.

அன்றைக்குப் பனி கண்ணை மறைத்தது. மீனாள் குளத்தைத் தாண்டும்போது ஒரு பட்ட கிளை குறுக்கே நின்றதைப் பார்க்கவில்லை. வேகமாகப் போய் மோதினாள். சிறகு மடிந்து தண்ணீரில் விழுந்தாள். இரண்டு நாமக்கோழிகள் அவளைத் தாமரை இலையில் ஏற்றி, தள்ளிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

சிங்காரம் பொந்துக்குள் படுத்திருந்தான். வாசலில் டாக்டரின் குரல் கேட்டது.

"சிறகு எலும்பு முறிஞ்சிருக்கும்மா. இன்னைக்கே நேரா வச்சுக் கட்டணும். கட்டிட்டா பயமில்ல, பொங்கலுக்குள்ள பழையபடி பாயலாம்."

"கட்டுங்க டாக்டரய்யா" என்றது மீனாளின் குரல்.

சிங்காரம் தலையைத் தூக்கிப் பார்த்தான். டாக்டர் திரும்பிப் பொந்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். தூங்காத கண்கள் இன்னும் பெரிதாக இருந்தன.

"ஒரு சிறகு கட்ட எனக்கு அரை நாள் ஆகும். என் கை அப்படி, மெதுவாத்தான் வரும். அந்த அரை நாள்ல இங்க மூணு பேருக்கு மூச்சு நின்னுடும். கட்டுறதுக்குப் பிரண்டையும் இல்ல, படுக்கவைக்க இடமும் இல்ல. நான் என்னம்மா செய்வேன்?"

மீனாள்தான் அவரைத் தேற்றினாள்.

"அவங்களைப் பாருங்க டாக்டரய்யா. சிறகு முறிஞ்சா உசிரு போகாது. நான்தான் குத்திக்கிட்டேனே, எனக்குக் காய்ச்சல் வராது. இப்படி ஓரமா உட்காந்திருக்கேன்."

குத்திக்கொண்டவள் வெளியே பனியில் உட்கார்ந்தாள். குத்திக்கொள்ளாதவன் உள்ளே அவள் கொண்டுவந்து விட்ட படுக்கையில் கிடந்தான்.

சிங்காரத்துக்குத் தாங்கவில்லை. "என்னை இறக்குங்க! என் இடத்துல அவளைப் படுக்கவைங்க!" என்று விசிலோடு விசிலாகக் கத்தினான்.

"நீ இறங்கினா எனக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது. பேசாம மூச்சை இழு" என்றார் டாக்டர்.

"இழுக்க மாட்டேன்! எல்லாரும் கேளுங்க!" சிங்காரம் பொந்தின் விளிம்புக்கு ஊர்ந்து வந்தான். "எனக்கு முள் குத்தவே இல்ல! நர்சம்மா குத்துறதுக்கு முன்னாடியே… முள்ளு சத்தத்துக்குப் பயந்து… வாலை நானே விட்டேன்! சிரிப்பீங்கன்னு வெக்கப்பட்டுப் பொய் சொன்னேன்!"

யாரும் சிரிக்கவில்லை. அவன் அவ்வளவு நாள் பயந்த சிரிப்பு கடைசிவரை வரவே இல்லை.

கோமளம் வாசலிலிருந்து அவனையே பார்த்தாள்.

"நீ பல்லிடா! நீ சொன்னா நாங்க நம்புவோம்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான் சிங்காரம்.

கோமளத்துக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தன் வாலில் கட்டியிருந்த பிரண்டையை அவிழ்த்து டாக்டரிடம் நீட்டினாள். அது காய்ந்து சுள்ளியாக இருந்தது. தொட்டதும் நொறுங்கியது. உடனே அவள் காடெல்லாம் ஓடிச் செய்தியைச் சொன்னாள். ஒவ்வொருவராக வந்து கயிற்றை அவிழ்த்து வாசலில் போட்டார்கள். குவியல் பெரிதாகிக்கொண்டே போனது. அதில் ஒன்றுகூடப் பச்சையாக இல்லை.

கடைசியாக வேலாயுதம் வந்தார். தலையைக் குனிந்துகொண்டே தன் வாலில் இருந்த கயிற்றை அவிழ்த்தார். அது அன்று காலையில் கட்டியது. பாறையில் மிச்சமிருந்த கடைசிக் கொடி.

"பச்சிலை தெரியும்னு நினைச்சேன் டாக்டரய்யா. எதுக்கு எதுன்னுதான் தெரியல" என்று சொல்லி ஈர மண்ணில் அதைப் புதைத்து வைத்தார், வாடாமல் இருக்க.

கொடி கிடைத்துவிட்டது. ஆனால் டாக்டரின் கை கிடைக்க வேண்டுமே! அன்று கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. மீனாள் வாசலில் சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி அதிகமாகும்போது சிங்காரத்தின் பொந்தைப் பார்த்துக் கேட்பாள்: "மூச்சு இப்ப எப்படிடா இருக்கு?"

"பரவால்ல" என்பான். ஒவ்வொரு தடவையும் செத்துப்போய்விடலாம் போல இருக்கும்.

மூன்றாம் நாள்தான் கோமளத்தின் குட்டிகளில் இரண்டும் வேறு நாலு பேரும் கண் விழித்து எழுந்தார்கள். டாக்டருக்கு அரை நாள் கிடைத்தது. அவர் மீனாளின் சிறகைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு அதற்குள் கோணலாக ஒட்டத் தொடங்கியிருந்தது. தன்னால் ஆனமட்டும் நேராக்கிக் கட்டினார்.

அந்த வருஷம் இழுப்புக் காய்ச்சலில் ஒருவர்கூடச் சாகவில்லை. டாக்டரும் நர்சம்மாவும் ஒரு மாதம் கண்மூடாமல் அத்தனை பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். மீனாளின் சிறகைத்தான் காப்பாற்ற முடியவில்லை. அவளால் கிளைக்குக் கிளை தத்திப் பறக்க முடிந்தது. தண்ணீரில் பாய முடியவில்லை. பாய்ந்தால் திரும்ப எழும்ப வராது.

பாயாத மீன்கொத்தி எப்படிப் பிழைப்பாள்? அதைச் சிங்காரம் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். விடிந்ததும் நீண்ட கிளையின் நுனிக்குப் போவான். வெயிலில் கண் கூசக் கூசத் தண்ணீரையே பார்ப்பான். மீன் கூட்டம் கரையோரம் ஒதுங்கினால் "த்ச்" என்பான். கீழே கல்லின் மேல் காத்திருக்கும் மீனாள் குனிந்து கொத்துவாள். சில நாள் நாலு மீன் கிடைக்கும். சில நாள் ஒன்றுமே கிடைக்காது. அந்த நாட்களில் சிங்காரமும் சாப்பிட மாட்டான். ஈ வந்தாலும்தான்.

அடுத்த ஐப்பசி வந்தது. தாழம்புதரில் மறுபடி முகாம். சிங்காரத்துக்கு வால் முளைத்திருந்தது. பழைய அழகு இல்லை. கொஞ்சம் தடித்து, குட்டையாக, வேறு நிறத்தில் இருந்தது. அவன்தான் வரிசையில் முதல் ஆள்.

"நர்சம்மா, எனக்குப் புதருக்குள்ள வேண்டாம். எல்லார் முன்னாடியும் வெளியில வச்சுக் குத்துங்க" என்றான்.

"உனக்குப் பயம் போயிடுச்சா தம்பி?"

"இல்ல நர்சம்மா. அப்படியேதான் இருக்கு."

நர்சம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்து உடம்பைக் குலுக்கினாள். சலசலசல! சிங்காரத்தின் கால் நாலும் வெடவெடத்தன. புது வால் கழன்று விழுந்து, துள்ளிக்கொண்டு வரிசையின் நடுவே போய் ஆடியது.

வரிசை ஓர் அடி பின்வாங்கியது.

"நல்லாப் பாத்துக்குங்க!" என்று கத்தினான் சிங்காரம். "முள்ளு இன்னும் நர்சம்மா கையிலதான் இருக்கு! இது பயத்துல நானே விட்ட வாலு! இப்பத்தான் குத்தப் போறாங்க!" கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காலை நீட்டினான். "குத்துங்க நர்சம்மா!"

நர்சம்மா குத்தினாள்.

"அட, இவ்வளவுதானா!" என்றான் சிங்காரம்.

அப்போது காடு சிரித்தது. சிங்காரமும் சேர்ந்து சிரித்தான். கோமளம் நாலு குட்டிகளையும் இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் பின்னால் வேலாயுதம் நின்றார். தவளைகூட வரிசையில் வந்து நின்றது.

சிங்காரம் நிழலில் போய் உட்கார்ந்தான். அங்கே மீனாள் அவனுக்காகக் காத்திருந்தாள்.

"என்னடா, ரெண்டாவது வாலும் போச்சா?"

"அதுக்கென்ன, மறுபடி முளைச்சிரு…" என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவள் சிறகைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

மீனாள் கொஞ்சம் நகர்ந்து அவன் பக்கத்தில் வந்து, அந்தக் கோணல் சிறகை மெல்ல விரித்து, இலை இடுக்கில் விழுந்த வெயில் அவன் மேல் படாமல் பிடித்துக்கொண்டாள்.

பயந்ததை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு ஒருவர் சொல்லும் பொய்யைக் கேட்டு, ஊரே மருந்தை மறுத்தால், அதன் வலி மருந்தைப் போட்டுக்கொண்டவரையும் தேடி வரும்.